சேலம் கம்பெனி ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறது, பெரிய கம்பெனி தேதியே சொல்லவில்லை. எதை எடுப்பது?

நாகலூர்ப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) கடைசி வருஷம் படிக்கிறேன், ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் காலேஜ். ஊர் ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் நாகலூர். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்ததால் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டிவிடுகிறது. அப்பா எஸ்டேட்டில் மேஸ்திரி. அம்மா சீசனில் காப்பிப் பழம் பறிக்கப் போவார். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான்.

செப்டம்பரில் கேம்பஸுக்கு ஒரு பெரிய கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம், வருஷா வருஷம் கும்பலாக ஆள் எடுப்பவர்களில் ஒருவர். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் பாக்கி இருக்கக் கூடாது என்று வடிகட்டியதிலேயே எங்கள் கிளாஸில் பாதிப் பேர் வெளியே. எனக்கு எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸில் விழுந்த அரியர் முன்னாடியே கிளியர் ஆகியிருந்ததால் தப்பித்தேன்.

ஆன்லைன் டெஸ்ட் ஹாஸ்டல் லீவில் வந்து மாட்டியது. ஊரில் மழை பிடித்தால் டவர் போய்விடும். அதனால் அம்மாபேட்டையில் சித்தி வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. கேமராவும் மைக்கும் ஆன் செய்து வைக்க வேண்டும். தறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அறையில் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்தது. இன்னும் இரண்டு தடவை வந்தால் டெஸ்ட் தானாக மூடிக்கொள்ளும் என்றும் போட்டிருந்தது. எழுந்து போகவும் முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. நான் முகத்தை அசைக்காமல் 'சித்தீ, தறி' என்று முணுமுணுக்க, அதற்கும் ஒரு எச்சரிக்கை. சித்தி ஓடிப் போய் அந்த வீட்டு அக்காவிடம் என்ன சொன்னாரோ, தறி நின்றது. டெஸ்ட் முடியும் வரை ஓட்டவே இல்லை. அவர்களுக்கு அன்றைக்கு அவ்வளவு கூலி போயிருக்கும். ரிசல்ட் வந்ததும் முதல் ஸ்வீட் பாக்ஸ் அங்கேதான் போனது.

இன்டர்வியூ சுமாராகப் போனது. இசிஇ படித்துவிட்டு ஏன் ஐடிக்கு வருகிறாய் என்று கேட்டார். ஒரு ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போடும் ப்ரோக்ராமைப் பேப்பரில் எழுதச் சொன்னார், ரெடிமேட் ஃபங்ஷன் எதையும் தொடக் கூடாது. அப்புறம் இன்னர் ஜாயினுக்கும் லெஃப்ட் ஜாயினுக்கும் என்ன வித்தியாசம் என்றார். இங்கிலீஷில் திணறியதைப் பார்த்துவிட்டு, "முதல்ல தமிழ்ல சொல்லும்மா, அப்புறம் அதையே இங்கிலீஷ்ல சொல்லு" என்றார். அதில்தான் பிழைத்தேன்.

செலக்ட் ஆகி எல்ஓஐ, அதாவது வேலைக்கு எடுக்க எண்ணம் என்கிற கடிதம், வந்துவிட்டது. வருஷத்துக்கு 3.36 லட்சம். சேரும் தேதி மட்டும் 'தொழில் தேவையைப் பொறுத்து' என்று இருக்கிறது. போன பேட்ச் அக்கா ஒருவர் இன்னும் அந்தத் தேதிக்காக வீட்டில் இருக்கிறார்.

இதற்கு நடுவில் சீனியர் ஒருவர் மூலம் சேலத்திலேயே ஒரு சின்ன கம்பெனி. ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ், நாற்பது பேர் இருக்கலாம். வெளிநாட்டுக் கடைகளுக்கு வெப்சைட், ஆப் செய்து தருகிறார்கள். ஜனவரியிலிருந்து இன்டர்ன், மாதம் 8,000. படிப்பு முடிந்ததும் 15,000. ஆனால் இரண்டு வருஷ பாண்டு. நடுவில் போனால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க்ஷீட்டைச் சேரும் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டுமாம்.

அப்பா, "கையில வந்தத விடாத, சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துட்டுப் போலாம்" என்கிறார். ப்ளேஸ்மென்ட் சார், "பெரிய கம்பெனி பேரு ரெஸ்யூமேல இருந்தா வாழ்க்கை பூரா சோறு போடும்" என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் சின்ன கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். சின்னதில் சேர்ந்துவிட்டு, பெரியது கூப்பிடும்போது போய்விடலாமா? ஒரிஜினலைக் கொடுப்பது சகஜம்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர் வாசி:

வாழ்த்துகள் தங்கச்சி. நானும் நம்ம ஊர்தான், கொண்டலாம்பட்டி. இப்போது சென்னை நாவலூரில் ஐடி கம்பெனியில் குப்பை கொட்டுகிறேன்.

அந்த எல்ஓஐயின் கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படி. இது வேலை நியமனம் இல்லை என்கிற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். ஆஃபர் லெட்டர் வேறு, எல்ஓஐ வேறு. 2022ல் படித்து முடித்தவர்களில் பலர் பெரிய கம்பெனிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வரை காத்திருந்தது பேப்பரிலேயே வந்தது. 2023 பிப்ரவரியில் இன்னொரு பெரிய கம்பெனி, 6.5 லட்சம் என்று எடுத்த பிள்ளைகளிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதமானால் சீக்கிரம் சேரலாம் என்று மெயில் அனுப்பியது. பயமுறுத்தவில்லை, இப்படியும் நடக்கும் என்று தெரிந்திருக்கட்டும்.

அப்புறம் பணக் கணக்கு. 3.36 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 28,000 என்று அப்பாவிடம் சொல்லிவிடாதே. கம்பெனி போடுகிற பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது 22,000லிருந்து 24,000க்குள் இருக்கும். இங்கே பிஜி என்கிற தனியார் விடுதியில் மூன்று பேர் ரூமில் ஒரு கட்டில், சாப்பாட்டோடு 8,000க்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட முடியாமல் வெளியே ஆகிற செலவு தனி. சேலத்தில் 15,000 வாங்கி வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவன் கையில் மாசக் கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய இதேதான். ஆனால் இரண்டு மூன்று வருஷம் கழித்து வேறு கம்பெனிக்கு மாறும்போது பழைய சம்பளத்தை வைத்துத்தான் பேரம் பேசுவார்கள். அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

உண்மை விளம்பி:

ஐடி எல்லாம் முடிந்த கதை. 2025ல் நாட்டிலேயே பெரிய ஐடி கம்பெனி பன்னிரண்டாயிரம் பேரை அனுப்பப் போவதாகச் சொன்னது ஞாபகம் இல்லையா? மிச்சத்தை ஏஐ பார்த்துக்கொள்ளும். பேசாமல் குரூப் 2 படிங்க, கவர்மென்ட் வேலை.

நாகலூர்ப் பொண்ணு:

குரூப் 2வும் படிக்கத்தான் போகிறேன் சார். அந்தப் புத்தகம் வாங்கவும் ஒரு சம்பளம் வேண்டுமே.

சிவதாபுரத்தான்:

ஓஎம்ஆர் அண்ணன் சொன்ன எல்ஓஐ விஷயம் சரி. ஆனால் சின்ன கம்பெனி என்றாலே காத்திருக்கும் நேரத்தில் ஒதுங்குகிற திண்ணை என்று எல்லாரும் பேசுவதுதான் எனக்கு ஆகாது.

எங்கள் வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நான் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்தேன். சேலத்திலேயே இதே மாதிரி மாடி ஆபீஸ் ஒன்றில் ஆரம்பித்து இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். சேர்ந்த மாதமே ஒரு வெளிநாட்டு ஃபர்னிச்சர் கடையின் பில்லிங் பக்கத்தை என் தலையில் கட்டினார்கள். தள்ளுபடி கூப்பனை இரண்டு தடவை போட்டால் விலை மைனஸில் போகிறது என்று அந்தக் கடைக்காரர் நள்ளிரவில் கூப்பிட்டார். எங்கே தப்பு என்று நானே தேடி, நானே சரி செய்து, நானே லைவில் ஏற்றி, விடிந்ததும் ஐந்து ரோட்டில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். என் கூடப் படித்தவன் பெரிய கம்பெனியில் ட்ரெயினிங் முடித்து, ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். சம்பளம் அவனுக்குத்தான் ஜாஸ்தி, அதை மறைக்கவில்லை.

சேலத்தில் வேலை இல்லை என்பதும் பழைய பேச்சு. ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐடி பார்க் இருக்கிறது. 2024 செப்டம்பரில் கருப்பூர்ப் பக்கம் நியோ டைடல் பார்க் திறந்தார்கள். தென்காசிக் கிராமத்தில் உட்கார்ந்து ஸோஹோ சாஃப்ட்வேர் செய்யவில்லையா?

ஆனால் ஒன்று. ஒரிஜினல் கேட்கிற கம்பெனியைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படு. நல்ல முதலாளி ஆளைச் சம்பளத்தால் பிடித்து வைப்பான், மார்க்ஷீட்டால் இல்லை. அங்கே இப்போது வேலை பார்க்கிற இரண்டு பேரையும், விட்டுப் போன ஒருத்தரையும் பிடித்து விசாரி. போனவருக்கு ஒரிஜினல் என்றைக்குத் திரும்பக் கிடைத்தது என்று மட்டும் கேள். பாதி பதில் அதிலேயே வந்துவிடும். வெற்றுச் செக்கில் கையெழுத்து கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடு.

பேனல் அக்கா:

நான் இருக்கிற கம்பெனி சார்பில் காலேஜ்களுக்குப் போய் இன்டர்வியூ எடுக்கிறேன், சேர்ந்த பிறகு ஃபாரத்தில் எழுதியதெல்லாம் உண்மையா என்று பார்க்கிற பேக்ரவுண்ட் செக் ஃபைல்களும் என் மேஜைக்குத்தான் வரும். 'சின்னதில் சேர்ந்துவிட்டுப் பெரியது கூப்பிட்டால் ஓடிவிடலாமா' என்று நீ போகிற போக்கில் கேட்டிருக்கிறாய் பார், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இங்கே யாரும் அதைத் தொடவில்லை.

நாற்பது பேர் வேலை செய்கிற இடம் என்கிறாய். இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பிஎஃப் கட்டாயம். 15,000 சம்பளத்தில் உன்னைப் பிஎஃப்பில் சேர்த்தே ஆக வேண்டும். சேர்த்ததும் உன் பெயரில் யுஏஎன் நம்பர் உருவாகும். சாகும் வரை அதே நம்பர்தான், எந்தக் கம்பெனியில் எந்த மாதம் பணம் கட்டினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகும். நாளைக்குப் பெரிய கம்பெனி அந்த நம்பரைக் கேட்டதும் சின்ன கம்பெனி தானாக வெளியே வரும். 'நான் ஃப்ரெஷர், எங்கேயும் வேலை பார்க்கவில்லை' என்று ஃபாரத்தில் எழுதியிருந்தால், சின்ன கம்பெனியில் வேலை பார்த்ததற்காக இல்லை, மறைத்ததற்காக வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி மூடிய ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன். நல்லாப் படிக்கிற பிள்ளைகள், வயிறு எரியும்.

அதனால் சேர்வதானால் ஒளிக்காமல் சேர், விலகும்போது ரிலீவிங் லெட்டரோடு, அதாவது முறைப்படி விடுவித்தோம் என்று கம்பெனி தருகிற கடிதத்தோடு, விலகு. அந்தக் கடிதம் இருந்தால் யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். பாண்டை முறித்துக்கொண்டு ஓடினால் அந்தக் கடிதம் வராது. பாண்டு உன்னைக் கட்டிப்போடுவது ஒன்றரை லட்சத்தால் இல்லை, இந்த ஒரு தாளால்தான்.

பாண்டே செல்லாது என்று யூடியூபில் சொல்கிறார்கள், நம்பாதே. ஒப்பந்தச் சட்டம் 27வது பிரிவு, வேலையை விட்ட பிறகு உன்னை வேறு எங்கேயும் சேரக் கூடாது என்று தடுப்பதைத்தான் செல்லாது என்கிறது. இத்தனை வருஷம் இரு, இல்லாவிட்டால் இவ்வளவு கட்டு என்பது வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற ஷரத்தைச் சுப்ரீம் கோர்ட் செல்லும் என்று சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கி, அதிகாரி வேலை, ஆளெடுக்கும் செலவு என்று அதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. ஐந்து ரோட்டு மாடி ஆபீஸுக்கு அப்படியே பொருந்திவிடாது. 74வது பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அதைத்தான் கோர்ட் கொடுக்கும். இருந்தாலும் கேஸ், வக்கீல் என்று ஆத்தா அப்பனை அலைய விட வேண்டுமா? கையெழுத்துக்கு முன்னால் பேசித் தீர்ப்பதுதான் சுலபம்.

பேசு. பயப்படாதே, ஆள் வேண்டும் என்றுதான் அவர்களும் தேடுகிறார்கள். ஒரிஜினலைப் பார்க்கலாம், ஜெராக்ஸோடு சரிபார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்று சொல். அரசாங்கத்தின் டிஜிலாக்கர் ஆப்பிலும் காட்டலாம். தொலைந்துபோனால் டூப்ளிகேட் வாங்க போலீஸ், தாசில்தார், பள்ளிக்கூடம் என்று நீதான் அலைய வேண்டும், அவர்கள் இல்லை. இன்டர்ன் காலத்துக்குப் பாண்டு வேண்டாம், படிப்பு முடிந்து நிரந்தரமாகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கேள். அப்போதும் பாண்டுதான் என்றால், மாதம் ஆக ஆகத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். இருபது மாதம் உழைத்தவளும் இரண்டு மாதத்தில் ஓடியவளும் ஒரே தொகை கட்டுவது என்ன நியாயம்? அந்த 15,000 கைக்கு வருவதா, பிஎஃப் போவதற்கு முந்தியதா என்பதையும் கேட்டுவிடு. முழுத் தொகைக்கும் பிஎஃப் பிடித்தால் 1,800, இஎஸ்ஐக்கு நூற்றுச் சொச்சம், மிச்சம் 13,000 சொச்சம்தான்.

இதற்கெல்லாம் முடியாது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஜூன் வரை நேரம் இருக்கிறது. காலேஜில் இன்னும் கம்பெனிகள் வரும், ஆஃப் கேம்பஸும் இருக்கிறது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் கடையில் வாங்கிவிடாதீர்கள். ஜங்ஷன் பக்கமும் நாலு ரோட்டுப் பக்கமும் போர்டு போட்டு விற்பது எங்களுக்கும் தெரியும். 'இந்த சென்சாரை ஏன் எடுத்தாய், இதைவிட விலை குறைந்தது இருக்கிறதே' என்று கேட்டால் வாங்கியவர்கள் அதோடு மௌனம். மண் ஈரம் பார்க்கிற ப்ராஜெக்டையே வருஷம் பூரா பார்க்கிறோம். நீ எஸ்டேட்டில் வளர்ந்தவள். காப்பிப் பழம் காயப் போட்ட களத்தில் மழை வருவதற்கு முன்னால் மணி அடிக்கிற மாதிரி ஒன்று செய்து வந்தால், நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுக் கதை கேட்பேன்.

நாகலூர்ப் பொண்ணு:

அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. யுஏஎன் விஷயம் எங்கள் கிளாஸில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. நீங்கள் எழுதியதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன்.

சிவதாபுரம் அண்ணன் சொன்னபடி அந்தக் கம்பெனியை விட்டுப் போன ஒரு அண்ணனைப் பிடித்தேன். அவர் ஒரிஜினல் திரும்பக் கிடைத்தது, ஆனால் போய்ப் போய்க் கேட்ட பிறகுதான் என்றார். வேலை நல்ல வேலைதானாம், டீம் லீட் நன்றாகச் சொல்லித் தருவாராம்.

இன்று அவர்களுக்கே போன் செய்தேன். கை நடுங்கியது. ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர முதலில் முடியாது என்றார்கள். பொறுத்துப் பொறுத்துப் பேசியதில், மேனேஜரிடம் கேட்டு அதற்கு ஒத்துக்கொண்டார்கள். இன்டர்ன் காலத்துக்குப் பாண்டு இல்லை என்பதற்கும் சரி. நிரந்தரமான பிறகு தொகையைக் குறைப்பது பற்றி மட்டும் 'அப்போ பாத்துக்கலாம்மா' என்கிறார்கள். பெரிய கம்பெனி எல்ஓஐ இருப்பதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? அப்பா எதையும் எழுத்தில் கேட்காதே, கோபித்துக்கொள்வார்கள் என்கிறார்.

ஓஎம்ஆர் வாசி:

போன் போட்டுப் பேசியதே பெரிய விஷயம் தங்கச்சி. எனக்கு அந்த வயதில் எச்ஆர் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பேனல் அக்கா:

அப்பாவிடம் சொல், எழுத்தில் கேட்டால் கோபப்படுகிற இடத்தில் சம்பளம் கேட்டாலும் கோபப்படுவார்கள்.

எல்ஓஐயைச் சொல்லிவிடு. சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம். கேம்பஸில் ஒரு எல்ஓஐ இருக்கிறது, சேரும் தேதி இல்லை, ஜூன் வரை இங்கே முழு மனசோடு இன்டர்ன் செய்கிறேன், நிரந்தரமாகும் சமயத்தில் என் முடிவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன் என்று எழுது. உன் காலேஜிலிருந்து இன்னும் பிள்ளைகளை எடுக்கிற எண்ணம் அவர்களுக்கு இருந்தால், இப்படிச் சொல்கிறவளை வெறுக்க மாட்டார்கள்.

இன்றைக்கே மெயில் போடு. போனில் பேசியபடி என்று ஆரம்பித்து, ஒரிஜினல் அன்றே திரும்பத் தரப்படும், இன்டர்ன் காலத்துக்குப் பாண்டு கிடையாது, மாதம் 8,000, தொடங்கும் தேதி, இவ்வளவும் நாலு வரியில் இருந்தால் போதும். காலேஜ் மெயில் ஐடியிலிருந்து அனுப்பாதே, படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள். சொந்த ஐடியிலிருந்து அனுப்பு, ப்ளேஸ்மென்ட் சாருக்கும் ஒரு காப்பி போகட்டும். கடைசி செமஸ்டரில் இன்டர்ன் போகும் நாட்களை அட்டெண்டன்ஸில் 'ஆன் டியூட்டி' என்று போட்டுத் தரப் போவது அவர்தான். 'சரி' என்று அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை பதில் வந்த பிறகு மார்க்ஷீட்டை எடுத்துக்கொண்டு போ. அதுவரைக்கும் அது வீட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும்.